பதினெட்டாயிரம் வெள்ளை அணுக்களும் ஒரு ஓசூர்க்காரியும்

சந்தேகப்படுவதற்காகவே எனக்கு ஒருவர் மாதாமாதம் சம்பளம் கொடுத்தார் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். (நம்பாதீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன்.) ஐம்பதுகளில் கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவே பஸ் விட்டுக்கொண்டிருந்த ஒரு தனியார் கம்பெனியில் நான் செக்கிங் இன்ஸ்பெக்டர். சூளகிரிக்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ ஒரு புளியமரத்துக்குப் பின்னால் ஒளிந்து நிற்பேன். பஸ் வந்ததும் நடுரோட்டில் குதித்து நிறுத்துவேன். ஏறி, கண்டக்டர் முதல் கைக்குழந்தை வரை அத்தனை பேரையும் திருடர்களைப் பார்ப்பதுபோல் பார்ப்பேன். ஒருவர் "பையில ஒண்ணுமில்லீங்க" என்றால் உள்ளே கோழி இருக்கிறது என்று அர்த்தம். "ஒண்ணுமே இல்லீங்க" என்றால் இரண்டு கோழி.

வயது இருபத்தாறு. சொந்த ஊர் கல்லாவி. கல்யாணமாகி எட்டு மாதம், கிருஷ்ணகிரியில் குடித்தனம். மனைவி காவேரி வேப்பனப்பள்ளிப் பெண். அவள் அப்பாவுக்கு அங்கே மாந்தோப்பு. நல்ல மனிதர்கள்தான். ஆனால் ஒரு கெட்ட பழக்கம்: என்னோடு தமிழ் பேசுவார்கள், தங்களுக்குள் ரகசியம் பேச வேண்டுமென்றால் சட்டென்று தெலுங்குக்குத் தாவிவிடுவார்கள். எனக்குத் தெலுங்கு பஸ்ஸுக்கு வேண்டிய அளவுதான் தெரியும். சந்தேகப்பிராணி ஒருவனுக்குப் பெண் கொடுத்துவிட்டு அவன் எதிரில் வேறு பாஷை பேசலாமா?

அந்த வருஷம் கோடை ஆரம்பத்தில் எனக்கு ஒரு கட்டி வந்தது. வந்த இடத்தைச் சொல்ல இன்றைக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. கம்பெனி எனக்கு ஒரு சைக்கிள் கொடுத்திருந்தது. சீட்டில் தோல் போய் இரும்பு மட்டும் மிச்சம். அந்த இரும்பு எந்த இடத்தில் படுமோ அந்த இடம். இதற்கு மேல் கேட்காதீர்கள்.

அதைக் காவேரியிடம் சொல்லவில்லை. எட்டு மாதப் புருஷன், காக்கி உடுப்புப் போட்டவன், பத்து ஊர் ஜனங்களை நடுங்கவைப்பவன், இதைப் போய்ச் சொல்வதா? வேப்பிலையும் மஞ்சளும் நாட்டுமருந்துக் கடையில் அரைத்து வாங்கிக்கொண்டு (எதற்கென்று சொல்லாமல்தான்) அறைக்குள் கதவைத் தாழிட்டு, சுவர்க் கண்ணாடியைக் கழற்றிப் பின்பக்கம் பிடித்துக்கொண்டு நானே வைத்தியம் பார்த்தேன். என் துணியை நானே துவைத்தேன். குப்புறப் படுத்தேன், முகத்தை அவளுக்கு எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு.

"என்னாங்க, கதவைச் சாத்திக்கிட்டு உள்ளார என்னா பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல."

"துணியை ஏன் நீங்களே துவைக்கிறீங்க?"

"ஒண்ணுமே இல்ல."

பத்தாவது நாள் குளிர் காய்ச்சல் வந்துவிட்டது. சாயங்காலமானால் பல் தந்தியடித்தது. கட்டிக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று என் அறிவுக்கு எட்டவில்லை. கட்டி ஓரிடத்தில் இருக்கிறது, காய்ச்சல் உடம்பு முழுக்க இருக்கிறது, இரண்டும் வேறு வேறு இலாகா என்று நினைத்தேன். காவேரி என்னை இழுத்துக்கொண்டு ஊர்க்கோடியில் இருந்த சிறிய ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கேதான் இடி விழுந்தது. எப்போதும் இருக்கும் கிழட்டு டாக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். அவர் நாற்காலியில் ஒரு பெண் டாக்டர். திருநெல்வேலிப் பக்கத்து அம்மாள், முப்பது வயதிருக்கும். கண்ணாடிக்குள்ளிருந்து அவர் பார்த்த பார்வையைக் கண்டதும் எனக்கே டிக்கெட் வாங்கிவிட்டோமா என்று சந்தேகம் வந்துவிட்டது.

"உக்காருங்க."

"பரவாயில்லீங்க டாக்டரம்மா. பஸ் வேலை. நின்னே பழக்கம்."

நாக்கைப் பார்த்தார். தொண்டையைப் பார்த்தார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். வயிற்றை நின்றபடியே அமுக்கினார். பிறகு கேட்டார்:

"உடம்புல எங்கயாவது கட்டி, புண்ணு, சீழ் வச்சது, ஏதாச்சும் இருக்கா?"

பக்கத்தில் நர்ஸ். வாசலில் காவேரி. ஜன்னலுக்கு வெளியே சீட்டு வாங்க நின்ற இருபது பேர்.

"ஒண்ணுமில்லீங்க."

"பல்லு வலி? காதுல சீழ்?"

"ஒண்ணுமே இல்லீங்க."

(அந்த டாக்டரம்மா பஸ் கம்பெனியில் வேலை பார்த்திருந்தால் அந்த நிமிஷமே என்னைப் பிடித்திருப்பார்.)

"அப்ப ரத்தம் எடுத்துப் பாப்போம்" என்றார்.

ரத்தம் பார்க்கிறவர் பெயர் தங்கவேலு. பக்கத்து அறையில் ஒரு மைக்ராஸ்கோப்போடு உட்கார்ந்திருந்தார். என் விரலில் ஊசியால் குத்தி, மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஒரு சொட்டை உறிஞ்சி, எதையோ கலந்து, கண்ணாடிச் சில்லில் விட்டு, ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தார். பென்சிலால் காகிதத்தில் கோடு கோடாகப் போட்டார். கால் மணி நேரத்தில் எழுந்துவிட்டார்.

"எவ்ளோங்க?"

"வெள்ளை அணு பதினெட்டாயிரம். பத்தாயிரத்துக்குள்ள இருக்கணும்."

எனக்குள் இருந்த இன்ஸ்பெக்டர் விழித்துக்கொண்டான். நாற்பது பேர் உட்கார்ந்த பஸ்ஸில் தலைகளை எண்ணவே எனக்கு இரண்டு தடவை வேண்டும். இந்த மனுஷன் ஒரு சொட்டுக்குள் பதினெட்டாயிரத்தைக் கால் மணியில் எண்ணினாராமா?

"முழுசா எண்ணுனீங்களா?"

"முழுசா எப்பிடிங்க எண்றது? கண்ணாடில கட்டம் போட்டிருக்குது. நாலு கட்டத்துல எண்ணி, கணக்குப் போட்டுப் பெருக்கறதுதான்."

"அப்ப நீங்க எண்ணலை."

"அதான் எண்ணுனேனே!"

"நாலு கட்டத்துல எண்ணிப்புட்டு மிச்சத்தை நீங்களா எழுதிக்கிறீங்க. எங்க கண்டக்டருங்களும் இப்பிடித்தான்."

தங்கவேலு சாதுவான ஆள். காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, "டாக்டரம்மாகிட்டப் போங்க" என்று மட்டும் சொன்னார். ஆனால் அவர் பார்வையில் ஓர் இரக்கம் இருந்ததாக எனக்குத் தோன்றியது. அதுதான் என்னை அடித்துப் போட்டது. திட்டவேண்டிய மனுஷன் திட்டவில்லை என்றால், சாகப்போகிறவனைப் போய் என்ன திட்டுவது என்றுதானே?

டாக்டரம்மா சீட்டை இரண்டு தடவை படித்தார்.

"வெள்ளை அணு சாஸ்தியா இருக்கு. உடம்புல ஒரு காரணம் இருந்து ஏறியிருந்தா பயமில்லை. காரணமே இல்லாம ஏறியிருந்தாத்தான் யோசிக்கணும். மூணு நாள் கழிச்சு மறுபடி எண்ணிப் பாப்போம். அப்பவும் இப்படியே இருந்தா மதராசுக்கு எழுதித் தாரேன். நீங்க வெளிய இருங்க. வீட்டம்மாவை உள்ள வரச்சொல்லுங்க."

என்னை வெளியே போகச் சொல்கிறார்! அவளிடம் தனியாகப் பேசுகிறார்! சாவுச் செய்தியை நோயாளியிடம் சொல்லாமல் வீட்டாரிடம்தானே சொல்வார்கள்? ஐந்து நிமிஷம் கழித்துக் காவேரி வெளியே வந்தாள். முகம் சுண்டிப் போயிருந்தது. என்னைப் பார்க்கவில்லை.

"என்னா சொன்னாங்க?"

"ஒண்ணுமில்ல" என்றாள்.

அன்றிலிருந்து மூன்று நாள் நான் பட்ட பாடு சொல்லி முடியாது. வெள்ளை அணு அதிகம் என்றால் என்ன? ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டு வருகிறது என்று நானே பொருள் சொல்லிக்கொண்டேன். முழுவதும் வெளுத்ததும் ஆள் காலி. காலையில் எழுந்ததும் ஊக்கால் விரலைக் குத்திப் பார்ப்பேன். சிவப்பாகத்தான் இருந்தது. ஆனால் நேற்றைக்கு இன்னும் கொஞ்சம் சிவப்போ? ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு ஆளின் ரத்தம் வேண்டியிருந்தது. சவரத்தில் கன்னத்தை வெட்டிக்கொண்டு வந்த எங்கள் டிரைவர் ஒருவரைத் தெருவில் நிறுத்தி, என் விரலை அவர் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்து நிறம் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்த டிரைவர் நான் கை காட்டினால் பஸ்ஸை நிறுத்துவதில்லை.

இரண்டாம் நாள் மாமனார் வந்து இறங்கினார். காவேரி கார்டு போட்டிருக்கிறாள், எனக்குத் தெரியாமல். மாங்காய்க் காலத்தில் கூடை இல்லாமல் அந்த மனுஷன் எங்கள் வீட்டுப் படி ஏறியதே கிடையாது. அன்றைக்கு வெறுங்கை. இனிமேல் இவன் மாங்காய் தின்று என்ன ஆகப்போகிறது என்று நினைத்துவிட்டார்!

நேராகச் சமையற்கட்டுக்குப் போனார். அப்பாவும் மகளும் தெலுங்கில் குசுகுசுவென்று பேசினார்கள். நான் சுவரில் காதை வைத்தேன். கடைசியில் காவேரி பெருமூச்சு விட்டுச் சொன்ன ஒரு வார்த்தை மட்டும் தெளிவாகக் கேட்டது.

"அயிபோயிந்தி."

இந்த ஒரு வார்த்தை எனக்குத் தெரியும். பஸ்ஸில் இடம் இல்லையென்றால் எங்கள் கண்டக்டர் தெலுங்குக்காரர்களிடம் கத்துகிற வார்த்தை. தீர்ந்துபோய்விட்டது.

சுவரிலிருந்து காதை எடுத்தேன்.

மாமனார் வெளியே வந்து என் எதிரில் பாயில் உட்கார்ந்தார். நான் நின்றேன். கொஞ்ச நேரம் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தார்.

"ஓசூர்ல வாரத்துக்கு எத்தினி நாளு தங்கறீங்க மாப்பிள்ளை?"

"ரெண்டு நாளு மாமா."

"எங்க தங்கறீங்க?"

"கம்பெனி ஷெட்டுல."

"தனியாவா?"

கடைசிக் காலத்தில் கவனித்துக்கொள்ள ஆள் உண்டா என்று விசாரிக்கிறார் பாவம்.

"தனியாத்தான் மாமா. போறப்ப எல்லாரும் தனியாத்தானே போறோம்?"

அவர் என்னை முறைத்துப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அதற்கு முன்னால் காவேரியிடம் ஆண்பிள்ளையாக மனம் விட்டுப் பேசிவிடுவது என்று தீர்மானித்தேன். விளக்கேற்றும் நேரம். அவள் தகர டிரங்குப் பெட்டியில் தன் புடவைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். (நான் இன்னும் சாகவே இல்லை, அதற்குள் மூட்டை கட்டுகிறாள் என்று ஒரு கணம் கோபம் வந்தது. மன்னித்தேன்.)

"காவேரி, உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இனிமே மறைக்க வேணாம்."

அவள் கை நின்றது.

"எத்தினி நாளா?" என்றாள்.

"பதினஞ்சு நாளா இருக்கும்."

"அதுக்கு முன்னாடி இல்லியா?"

"இருந்திருக்கும். எனக்கே தெரியாம வந்து ஒட்டிக்கிச்சு."

"பேரு என்னா?"

"பேரா? டாக்டரம்மாவுக்கே இன்னும் தெரியலை."

"அவங்க வரைக்கும் போயிடுச்சா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். "விட முடியாதா உங்களால?"

"என் கையில என்னா இருக்குது? ரத்தத்துல கலந்துடுச்சு. எனக்கப்புறம் நீ இங்க இருக்காதே. வேப்பனப்பள்ளிக்கே போயிடு. சின்ன வயசு. வாழ்க்கையை வீணாக்கிடாதே."

பெருந்தன்மையோடு சொன்னேன். என் கண்ணில் நீர் முட்டியது. காவேரி டிரங்குப் பெட்டியின் மூடியை அறைந்து சாத்தினாள். ஓசூர் வரைக்கும் கேட்டிருக்கும்.

மறுநாள் வாசலில் ஜட்கா வண்டி வந்து நின்றது. மாமனார் ஏறச் சொன்னார். நான் வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வந்தேன். (காய்ச்சல்காரன் நடக்கிறான், நல்ல கால் உள்ளவர்கள் வண்டியில் போகிறார்கள். தெருவே பார்த்தது.) டாக்டரம்மா அறைக்குள் மூவரும் நுழைந்தோம். மேஜைக்கு எதிரில் ஒரு மர நாற்காலி.

"உக்காருங்க" என்றார் டாக்டரம்மா.

"பரவாயில்லீங்க, நின்னே பழக்கம்."

மாமனாருக்கு அதுவரை அடக்கி வைத்திருந்தது அத்தனையும் பொங்கிவிட்டது.

"என்னா மாப்பிள்ளை, வீட்டுல உக்கார மாட்டேங்கறீங்கோ, வண்டியில உக்கார மாட்டேங்கறீங்கோ. எம் மகளுக்குப் பக்கத்துல உக்காரவும் அருவருப்பா இருக்குதா? உக்காந்து, ஓசூர் விசயத்த இந்தம்மா எதிர்ல ஒடச்சிச் சொல்லுங்க!"

சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் என் தோளைப் பிடித்து அமுக்கினார். மாமரத்திலிருந்து மூட்டை மூட்டையாய்க் காய் இறக்கிப் பழகிய கை. நான் உட்கார்ந்தேன்.

அப்போது நான் போட்ட சத்தத்தில் வெளியே சீட்டு வாங்க நின்றவர்கள் பாதிப்பேர் வீட்டுக்கு ஓடிவிட்டார்கள். தங்கவேலு மைக்ராஸ்கோப்பைக் கட்டிக்கொண்டு பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் நாற்காலியிலிருந்து எழும்பி மேஜைமேல் குப்புற விழுந்தேன். கட்டி உடைந்துவிட்டது. காக்கி நிஜாரின் பின்பக்கம் அந்தச் செய்தியை ஊருக்கே அறிவித்தது.

டாக்டரம்மா எழுந்து வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"கட்டி இருக்கான்னு கேட்டேனா, இல்லையா?"

"கேட்டீங்க."

"என்ன சொன்னீய?"

"ஒண்ணுமில்லைன்னு..."

"உங்களுக்கு என்னவோ பெரிய சீக்குன்னு மூணு நாளா எனக்குச் சாப்பாடு இறங்கலை, தெரியுமா?" அவருக்குக் கோபத்தில் கழுத்து நரம்பு புடைத்தது. அப்புறம் என் மூஞ்சியைப் பார்த்ததும் கொஞ்சம் இரங்கினார். "சொல்லுதேன் கேளுங்க. வெள்ளை அணுன்னா சீக்கு இல்லை. அது உடம்போட பட்டாளம். எங்கயாவது கிருமி புகுந்துட்டா அதுகூடச் சண்டை போட ஆள் சேத்துக்கிட்டு வரும். அதான் எண்ணிக்கை ஏறுது. உங்க பட்டாளம் பதினஞ்சு நாளா அங்க சண்டை போட்டுக்கிட்டு இருக்கு. நீங்க இங்க நின்னுக்கிட்டு ஒண்ணுமில்லைன்னு சொல்லுதீய."

"அப்ப ரத்தம் வெளுக்கலீங்களா?"

"உங்க மூஞ்சிதான் வெளுத்திருக்கு."

மூலையிலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது. காவேரி.

"அப்ப... ஓசூர்ல யாருமில்லியா?"

"ஓசூர்லயா? யாரு?"

மாமனார் கூரையில் இருந்த பல்லியை ரொம்ப ஆர்வமாகப் பார்க்க ஆரம்பித்தார். காவேரி விசும்பிக்கொண்டே சொன்னாள். அன்றைக்கு டாக்டரம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க வீட்டுக்காரர் எதையாச்சும் மறைக்காரா?" என்று கேட்டாராம். கதவைச் சாத்துகிறார், துணியைத் தானே துவைக்கிறார், முகத்தைத் திருப்பிக்கொண்டு படுக்கிறார், வாரத்தில் இரண்டு நாள் ஓசூரில் தங்குகிறார். அவள் கணக்குப் போட்டுப் பெருக்கிவிட்டாள். தங்கவேலு நாலு கட்டத்தை வைத்துப் பெருக்கியதுபோலத்தான், ஆனால் தங்கவேலுவின் விடை சரியாக இருந்தது.

"எதையாச்சும் மறைக்காரான்னு கேட்டேன் தாயி. யாரையாச்சும் மறைக்காரான்னா கேட்டேன்?" என்றார் டாக்டரம்மா.

எனக்கு வீராப்பு வந்துவிட்டது. வலியோடு தலையைத் தூக்கி, "அப்ப சமையல்கட்டுல அயிபோயிந்தின்னு சொன்னியே, அது என்னா?" என்றேன்.

"காப்பிப்பொடி" என்றாள் காவேரி.

டாக்டரம்மா மிச்சமிருந்த கட்டியையும் கீறிச் சுத்தம் செய்தார். ஐந்து நாள் பென்சிலின் ஊசி. ஊசியை எங்கே போடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பழுதில்லாத பக்கத்தில் போட்டார்கள், ஐந்தாம் நாள் அதுவும் பழுதாகிவிட்டது. ஒரு வாரம் கழித்துத் தங்கவேலு மறுபடி எண்ணினார். எட்டாயிரம். இந்தத் தடவை நானே பார்க்கவேண்டுமென்று பிடிவாதம் பிடித்தேன். அவரும் மைக்ராஸ்கோப்பை என் பக்கம் திருப்பி வைத்தார். ரொம்ப நேரம் பார்த்து, "கறுப்பா, நீளமா, வளைஞ்சு இருக்குதே, இதுதான் வெள்ளை அணுவா?" என்று கேட்டேன்.

"அது உங்க இமை மயிருங்க" என்றார்.

காவேரி டிரங்குப் பெட்டியைப் பிரித்துப் புடவைகளைக் கொடியில் போட்டாள். அவள் பெட்டி கட்டியது ஊருக்குப் போக இல்லை, ஓசூருக்குப் போய் அந்தப் பொம்பளையை நேரில் பார்த்துக் கேட்பதாக இருந்தாள் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஷெட்டு விலாசம்கூட விசாரித்து வைத்திருந்தாளாம். இருபது வயதுப் பெண், தனியாக, நான் செக் செய்யும் அதே பஸ்ஸில். மாமனார் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த வாரம் இரண்டு கூடை மாம்பழம் அனுப்பினார். கூடவே ஒரு தலையணை.

ஆனால் இல்லாத அந்தப் பொம்பளை எங்கள் வீட்டை விட்டுப் போகவே இல்லை. அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் யாருக்குக் கட்டி வந்தாலும் அதற்குப் பெயர் ஓசூர்க்காரிதான். காவேரி ஆரம்பித்து வைத்தாள், பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். கழுத்தில் ஓசூர்க்காரி, அக்குளில் ஓசூர்க்காரி. பெரியவனுக்குப் பெண் பார்த்து நிச்சயம் செய்தபோது, யோசிக்காமல் ஓசூரிலேயே செய்துவிட்டோம். சம்பந்தி வீட்டார் முதல் தடவை வந்து கூடத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து என் சின்ன மகன் வீடே அதிரக் கத்தினான்:

"அம்மா! இந்த ஓசூர்க்காரிய எப்பம்மா அறுத்து எடுப்பீங்கோ? உக்கார முடியலை!"

சம்பந்தியின் கையில் டம்ளர் அப்படியே நின்றது. கல்யாணம் நடக்க வேண்டுமே என்று, அவருக்கும் அவர் சம்சாரத்துக்கும் நான் முதலிலிருந்து கடைசி வரை, இடம் உள்பட, எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மனுஷன் டம்ளரைக் கீழே வைத்தார், தன் நாற்காலியை ஒரு தடவை தடவிப் பார்த்தார், பிறகு மெல்ல எழுந்து நின்றுகொண்டார்.